துப்பாக்கியும் ரசீதும்

ஆயுதச் சட்டத்தைப் பற்றி எழுத ஒரு பாங்க் குமாஸ்தாவுக்கு என்ன அருகதை என்று கேட்கலாம். வக்கீலின் அருகதை எனக்கில்லை. ஆனால் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஒரு துப்பாக்கிக்கு எட்டடி தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். இந்தப் பக்கங்களைப் படிக்கிற நம் சிறு வட்டத்தில் துப்பாக்கியைப் படிமமாக உபயோகித்தவர்கள் உண்டு. கலகத்தின் குறியீடாக, ஆண்மையின் குறியீடாக, சில சமயம் வெறும் ஓசைக்காக. சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்று பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். பார்த்தால், நம் ஆயுதச் சட்டம் இரும்பைவிடப் பயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது என்பது தெரியவரும். யாருடைய பயம் உண்மையானது, யாருடையது கற்பனை என்று முடிவு சொல்கிற காரியம் அதில் அரசாங்கத்திடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு கவிதையில் அனுபவம் இருக்கிறதா, தோரணை மட்டும்தானா என்று சொல்லிக்கொண்டிருக்கிற விமர்சகனுக்கு இந்தக் காரியம் பரிச்சயமானதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கிளையின் காவலரிடம் இருப்பது பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். கட்டையின் பாலிஷ் போய்ப் பல வருஷம் ஆகிறது. தோள்வாரை மட்டும் ஆம்பூரில் நல்ல தோலில் தைத்துப் போட்டிருக்கிறார். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயர் எடுத்தது அது. துப்பாக்கி பாங்கினுடையது என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கியும் அவருடையது, லைசென்ஸும் அவர் பெயரில். காவலாள் அனுப்புகிற ஏஜென்ஸிகள் ஆளை மட்டும் கேட்பதில்லை, லைசென்ஸோடு கூடிய ஆளைக் கேட்கிறார்கள். “வேலைக்காகத் துப்பாக்கி வாங்கினீங்களா அண்ணே, துப்பாக்கி இருந்ததால வேலை கிடைச்சுதா?” என்று ஒரு நாள் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான் சார். லைசென்ஸ் போச்சுன்னா வேலை போச்சு, வேலை போச்சுன்னா லைசென்ஸுக்குக் காரணம் போச்சு” என்றார். இதைவிடச் சுருக்கமாக நம் ஆயுதச் சட்டத்தை எந்த வக்கீலும் எனக்கு விளக்கியதில்லை.

நம் பக்கத்தில் துப்பாக்கி உரிமையாக வந்ததில்லை, சம்பளத்தோடு வந்தது. 1801 டிசம்பரில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டுத் தெற்கத்திச் சீமைகளில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். அடுத்த ஐந்தாம் வருஷம், 1806 ஜூலை 10 விடியுமுன், வேலூர்க் கோட்டையில் கம்பெனியின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்ற உத்தரவு அவர்களைப் புண்படுத்தியிருந்தது. கோட்டைக்கு வெளியே இருந்த குடியானவனுக்கும் அவமானங்கள் குறைவில்லை. ஆனால் துப்பாக்கியைத் திருப்ப முடிந்தது கம்பெனி தானே துப்பாக்கி கொடுத்து வைத்திருந்தவர்களால்தான். பொழுது நன்றாக ஏறுவதற்குள் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து கதையை முடித்துவிட்டது.

லிட்டன் காலத்து 1878ஆம் வருஷச் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் எழுதி வைத்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். குடகர்களுக்கு அளித்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. இந்தச் சட்டத்தை ஒரு தேசத்துக்கு நேர்ந்த அவமானமாகக் காங்கிரஸ் நெடுங்காலம் கருதிற்று. 1931இல் கராச்சியில் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்று. பதினேழு வருஷம் கழித்து, 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையைச் சேர்க்கச் சொன்னபோது அம்பேத்கர் மறுத்தார், சபையும் ஏற்கவில்லை. நம் அரசியல் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல் குடிமகனை ஒட்டி வருகிற முக்கியமான இடம் 19ஆம் ஷரத்து. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுகிற உரிமை. அமெரிக்கன் ஆயுதம் தரிப்பது அவன் உரிமை. நம் உரிமைக்கு ஆயுதமின்மை ஒரு நிபந்தனை. எனக்கு இதில் வருத்தம் கிடையாது. இப்படி ஆயுதத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கம் பதிலுக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

இன்றைய சட்டம் 1959ஆம் வருஷத்தியது. 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியப்படும்படி கண்ணியமான வாசகங்கள் தென்படுகின்றன. பதின்மூன்றாம் பிரிவின்படி, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள சாதாரணத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்டாலும், பயிர்க் காவலுக்கு வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைக் கேட்டாலும், தடை எதுவும் இல்லையென்றால் அதிகாரி தர வேண்டும். கைத்துப்பாக்கி போன்ற மற்றவற்றுக்குத்தான் தக்க காரணம் இருப்பதாக அவர் திருப்திப்பட வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் ஒருவருக்கு லைசென்ஸை மறுக்கக் கூடாது என்று பதினான்காம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் தர வேண்டும், பொதுநலனுக்குக் கேடு என்று அதிகாரி கருதினாலொழிய. அந்த ‘ஒழிய’வுக்குள் ஒரு யானை நுழையலாம். 2016ஆம் வருஷத்து விதிகள் இன்னும் விஸ்தாரமானவை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுக்க மறைத்து, கைக்கெட்டும் கட்டுப்பாட்டில் கொண்டுபோக வேண்டும். திருவிழா, ஊர்வலம், கல்விக்கூடம் இவற்றுக்குள் தனி அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது என்பது பழைய நிபந்தனை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது, கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைக் குற்றமாக்கியது. கடைசியாகச் சொன்னது நமக்காக எழுதப்பட்டதல்ல. உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 முடிவில் நாட்டில் இருந்த சுமார் 33 லட்சம் லைசென்ஸ்களில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு 12 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டின் பங்கு 22 ஆயிரம் சொச்சம். நம் ஆட்கள் அரிவாளை நம்புகிறவர்கள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த கருவி அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே அல்ல. தோல் ஷெட்டில் சவ்வு சீவுகிற இரண்டு கைப்பிடிக் கத்தியைப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கின் தாராளம் புரியும்.

ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் எங்கள் வாடிக்கையாளர். பெரிய டேனரிக்காரர் அல்ல. பச்சைத் தோல் வாங்கிக் கொடுக்கிற தரகு வியாபாரி. ஆந்திர, கர்நாடக எல்லைக்கு அப்பால் சந்தைகளில் வாங்கி, உப்புப் போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். மாதம் இரண்டு தடவை சென்னைப் பெரியமேட்டுக்கும் போய்வருவார். பாங்க் குமாஸ்தா என்றால் எல்லா விண்ணப்பமும் பூர்த்தி செய்யத் தெரிந்தவன் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கான விண்ணப்பத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் என்னிடம் வந்தார். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், வழக்குகள் ஏதும் உண்டா. இவையெல்லாம் சுலபம். ஏன் வேண்டும் என்கிற இடத்தில் பேனா நின்றது.

“ரோட்ல போறேன் வர்றேன் தம்பி, கையில காசு இருக்கும்னு எழுதுங்க” என்றார். எழுதினேன். எழுதின பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். காசைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. இப்போதெல்லாம் பாதிப் பணம் பாங்க் வழியாகவே போய்விடுகிறது. அவரை உறங்கவிடாதது லாரிதான். எல்லைக்கு அப்பால் இரண்டு முறை வண்டியை நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். போலீஸ் அல்ல. என்ன தோல், யாருடைய தோல், எங்கே அறுத்தது என்று கேட்டார்களாம். ஒரு தடவை ஐநூறு ரூபாயில் முடிந்தது. இன்னொரு தடவை எதில் முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்ததை அவர் செல்போனில் பார்த்திருக்கிறார். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இந்தத் தோல் சீமையில் குறைவு.

“இதையும் எழுதட்டுமா பாய்?” என்று கேட்டேன்.

“அத எழுதாதீங்க தம்பி. அத எழுதுனா மொதல்ல நம்ம லாரியத்தான் நிறுத்தி விசாரிப்பாங்க.”

ஆகவே காகிதத்தில் போனது ஒரு பயம். மனிதருக்குள் இருந்தது வேறொரு பயம். தொழிலின் இயல்பினால் உயிரையோ சொத்தையோ காக்க வேண்டியிருக்கிறவர்களின் மனுவைப் பரிசீலிக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. தொழில், சொத்து, ரொக்கம் — பயம் இந்த உருவங்களில் வந்தால் கச்சேரிக்கு அடையாளம் தெரிகிறது. சொத்தில்லாமையைக் காட்டி மறுக்காதே என்று சட்டம் சொன்னாலும், சொத்தின் பாஷையில் பேசாத பயத்தைக் காதில் வாங்குவதற்கு அங்கே ஏற்பாடு இல்லை. சில மாதங்களில் பதில் வந்தது. போதுமான அச்சுறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை என்ற ஒரே வரி. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்று சொன்னேன். அவர் சிரித்தார். எழுதாத காரணத்துக்கு எப்படி மேல்முறையீடு செய்வது?

இந்த இடத்தில் நான் துப்பாக்கிக்காக வாதாடுவதாக நினைக்கக் கூடாது. பாயிடம் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் லாரியைச் சூழ்ந்த இருபது பேர் முன்னால் அது என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. என் அக்காள் மகன் டெக்ஸாஸில் இருக்கிறான். இருபத்தொரு வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடலாம் என்று 2021 செப்டம்பரில் அங்கே சட்டம் வந்தது. நியூயார்க்கில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மறைத்துக் கொண்டுசெல்ல அனுமதி கேட்டவர் நம்மைப் போலவே தக்க காரணம் காட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், மே 24 அன்று, டெக்ஸாஸின் யுவால்டியில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பத்தொன்பது குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றிருந்தான். “இங்க யாரும் யாரையும் காரணம் கேக்கறதில்ல மாமா. அதனால எல்லார்கிட்டயும் இருக்குன்னு நெனச்சுத்தான் கடைக்குப் போறோம்” என்கிறான் அவன். பயத்தைப் பரீட்சிக்கவே மாட்டேன் என்கிற சமூகம் பயத்தைப் பொதுச் சொத்தாக்கிவிடுகிறது. அது நமக்கு வேண்டாம். காரணம் கேட்பது சரி. கேட்டவர் பதிலை என்ன செய்தார் என்பதில்தான் கோளாறு.

பயத்தை வேறு விதமாக வாசிக்க முடியும் என்பதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். கொடுமை நடக்கக் கூடிய பகுதி என்று இனம் கண்ட இடத்தில், அவசியமென்றால், மற்ற சாதியாரின் துப்பாக்கி லைசென்ஸ்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசாங்கக் கிடங்கில் சேர்க்கலாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு அவர்கள் உயிரையும் உடைமையையும் காக்க லைசென்ஸ் வழங்கலாம். இங்கே பயம் தனி மனிதனின் கற்பனையாக இல்லை. ஊரின் அமைப்பிலேயே இருக்கிற ஒன்றாகச் சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. விண்ணப்பதாரன் நிரூபிக்க வேண்டியதில்லை. இனம் காண வேண்டியது அரசாங்கம். இந்த விதி வந்து இரண்டு வருஷத்தில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பயம் ரகசியமாக இருந்ததில்லை. தனித் தொகுதியான அந்த ஊராட்சியின் தேர்தலே 1996இல் தடைபட்டுத் தடைபட்டுத்தான் நடந்தது. அவருக்குத் துப்பாக்கி கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாசிக்கக் கிடைத்திருந்த ஒன்றை வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கவில்லை என்கிறேன்.

ஆலங்காயம் பக்கம் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் ஜவ்வாது மலைக்காரர்கள் நகைக் கடனுக்கு வருவார்கள். அந்த மலையில் நாட்டுத் துப்பாக்கி புதிதல்ல. காட்டுப் பன்றி சாமையையும் கிழங்கையும் ஒரே இரவில் அழித்துவிட்டுப் போகும். பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி தர வேண்டும் என்கிற பிரிவு இவர்களை மனத்தில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு மலை ஏறி வந்ததாகத் தெரியவில்லை. மலை ஏறி வருவது வேறொரு அறிவிப்பு: லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை இன்ன தேதிக்குள் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஒருவர் தன் தகப்பனார் காலத்துத் துப்பாக்கியை அப்படிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ரசீது தந்தார்களா என்று கேட்டேன், தொழில் புத்தி. “கேஸ் இல்லன்னு சொன்னாங்களே, அதான் சார் ரசீது” என்றார்.

இதை நான் எங்கள் காவலரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் வேலை மாறும் சமயத்தில் ஒரு தேர்தல் வந்து, துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருந்ததாம். லைசென்ஸ் உள்ளவர்கள் தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பதும் முடிந்த பிறகு திரும்ப வாங்குவதும் வழக்கம். பாங்க் காவலில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் விலக்குக் கிடைக்கும். அந்த ரசீதைப் பென்ஷன் புத்தகத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் இன்னும் வைத்திருக்கிறார். துப்பாக்கி திரும்பி வந்த பிறகும் ரசீதை எறியவில்லை. நம்பர், குழல், தோட்டா எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. பொருளைக் கொடுத்தவனிடம் ஒரு காகிதம் இருந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய பட்டாளத்து தர்மம். அது எங்கள் பாங்க்கின் தர்மமும்கூட.

பாங்க்குக்கு வெளியே இருப்பவர்கள் டெபாசிட்டை பாங்க்கின் செல்வமாக நினைக்கிறார்கள். கணக்கில் அது பொறுப்பு என்ற பக்கத்தில் நிற்கும். எவ்வளவு அதிகம் வாங்குகிறோமோ அவ்வளவு அதிகம் கடன்பட்டிருக்கிறோம். 1801லிருந்து இன்றுவரை இந்த ஜனங்களிடமிருந்து அரசாங்கங்கள் வாங்கி வைத்திருக்கிற ஆயுதங்களை நான் இந்தக் கணக்கில்தான் எழுதுவேன். கம்பெனி வாங்கியபோது அது பறிமுதல். கம்பெனிக்கு நம்மிடம் கடன் எதுவும் இல்லை. குடியரசு வாங்குகிறபோது அது டெபாசிட். உன் கைகளைக் காலியாக வைத்துக்கொள், உன் உயிருக்கு நான் பொறுப்பு என்பதுதான் அதன் பொருள். 1948இல் சபை அந்த உரிமையைத் தள்ளியதற்கு வேறு நியாயம் இருக்க முடியாது. அப்படியானால் ஆயுதம் கேட்டு வருகிற ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு டெபாசிட்தாரரின் விசாரிப்பு. என் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று கவுண்டரில் வந்து கேட்பது போல. துப்பாக்கி தர முடியாது என்று சொல்ல அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. ஆனால் கோப்பை அத்தோடு மூடக் கூடாது. லைசென்ஸ் தரவில்லை, அதனால் இந்த ரோட்டில் இரவு ரோந்து போட்டிருக்கிறேன்; இந்தச் சந்தைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன்; உன் காட்டில் பன்றி அழித்ததற்கு நஷ்ட ஈடு இந்தத் தேதிக்குள் வரும். மறுப்புக் கடிதத்தின் இரண்டாவது வரி இப்படி இருக்க வேண்டும். நான் பார்த்த கடிதத்தில் முதல் வரியோடு கையெழுத்து வந்துவிட்டது.

விமர்சனத்திலும் இப்படி நடக்கிறது. அனுபவம் போதவில்லை என்று ஒற்றை வரியில் ஒரு கவிதையைத் திருப்பி அனுப்புகிறோம். அந்த ஆள் சொல்ல வந்து, நம் பாஷையில் இடமில்லாததால் வேறெதையோ எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அங்கே நஷ்டம் ஒரு கவிதை.

பாய் இப்போது லாரியில் வருவதில்லை. சந்தைக்கு ரயிலில் போய், சரக்கை ஏற்றிவிட்டு, ரயிலிலேயே திரும்பிவிடுகிறார். ரயிலில் ஜனங்கள் இருக்கிறார்கள், அது போதும் என்கிறார். லாரியோடு டிரைவர் மட்டும் வருகிறார். வாணியம்பாடிப் பக்கத்துப் பையன். எங்களிடம்தான் சம்பளக் கணக்கு. அவன் எந்த விண்ணப்பமும் போட்டதில்லை.